ரிட்ஜைக் கரைத்த நல்ல காரியங்கள்

தில்லியின் மந்திர் மார்க்கில் பிர்லா மந்திரும் காளி பாரியும் இருக்கின்றன. தில்லிவாழ் தமிழர்கள் நன்கறிந்த தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் அதே சாலையில்தான். கோயிலுக்குப் பின்னால் பாறையும் முள்மரமுமாக மேடிட்டுக் கிடக்கும் காட்டை அங்கே போய்வருகிறவர்களில் பலர் பொருட்படுத்துவதில்லை. ரிட்ஜ் என்று தில்லிக்காரர்கள் சொல்லும் அந்த மேடு, குஜராத்தில் தொடங்கும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. 1994ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதன் நான்கு துண்டுகளும் சேர்ந்து 7,777 ஹெக்டேர். தலைநகர்ப் பகுதியின் பரப்பில் ஏறத்தாழ ஐந்து சதவீதம். ஒரு காடு நகரத்திடம் தோற்கிறது என்றாலே மனைத்தரகரையும் அடுக்குமாடிக்காரரையும் கைகாட்டுவது நம் வழக்கம். ரிட்ஜின் நூறாண்டு வரலாறு வேறு கணக்கு சொல்கிறது. அதை அதிகம் கரைத்தவை நல்ல காரியங்கள். அதுவும் பெரும்பாலும் அரசே முன்நின்று செய்தவை.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். 1911 டிசம்பர் தர்பாரில் தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்ததும், ரெய்சினா, மால்ச்சா போன்ற கிராமங்களின் நிலத்தை 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் அரசு எடுத்துக்கொண்டது. மால்ச்சாவிலிருந்து கிளம்பியவர்களில் பலர் இன்றைய ஹரியானாவின் சோனிபட் பக்கம் போய்க் குடியேறினார்கள். ஆடுமாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்த பாறைமேடு வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னணியாகப் பச்சையாகத் தெரியவேண்டும் என்று நகரைத் திட்டமிட்டவர்கள் விரும்பினார்கள். 1913இல் மத்திய ரிட்ஜில் சுமார் 796 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு மேய்ச்சல் தடுக்கப்பட்டது. ஆக, இது ஒரு காலனி அரசு தன் மாளிகைக்குத் தைத்துக்கொண்ட திரைச்சீலை. இதைப் போய்ப் புனிதமாக்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மால்ச்சாக்காரர்களுக்கு நடந்தது அநீதி, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அநீதிக்கு, மிஞ்சிய காட்டைத் துண்டுபோட்டு வேறு யாருக்கோ கொடுப்பது எப்படிப் பரிகாரமாகும்?

1941இல் ஒன்பது லட்சம் பேர் வாழ்ந்த தில்லியில் 1951இல் பதினேழு லட்சம் பேர். பிரிவினை அகதிகளுக்காக ரிட்ஜின் மேற்கே ராஜிந்தர் நகர் எழுந்தது. அதை யார் குறைசொல்ல முடியும்? காட்டை ஊடறுத்துச் சாலைகள் ஓடின. ராணுவத்துக்கு இடம் வேண்டியிருந்தது. புத்தரின் 2,500ஆவது ஆண்டை ஒட்டிப் புத்த ஜெயந்தி பூங்கா அமைந்தது, காட்டுப்பாறை புல்வெளியானது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, ஒவ்வொன்றும் சிறியதும்கூட. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுமார் 500 ஹெக்டேராக இருந்த கிண்டிக் காடு ஐ.ஐ.டி.க்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பிற அரசு நிறுவனங்களுக்கும் பங்குபோன பிறகு, 1978இல் தேசியப் பூங்காவானபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர்தான்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1979இல் ரிட்ஜைக் காக்கக் கிளம்பிய மாணவர்களிடமிருந்துதான் கல்பவிருட்சம் என்ற அமைப்பே பிறந்தது. 1995இல் ரிட்ஜ் மேலாண்மை வாரியம் வந்தது. ஆயினும் பழைய வழக்கம் மாறவில்லை. 2006இல் வசந்த் குஞ்ச் வணிக வளாகங்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது கட்டடங்கள் ஏற்கெனவே எழுந்திருந்தன, அவை நின்றன. 2024இல் தெற்கு ரிட்ஜ் பகுதியில் சாலையை அகலப்படுத்த தில்லி வளர்ச்சி ஆணையம் நீதிமன்ற அனுமதியின்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை அவமதிப்பு என்றே தீர்ப்பளித்து அதிகாரிகளுக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. சாலை துணை ராணுவப் படையினரின் மருத்துவமனைக்குப் போவது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. நல்ல காரணம் ஒன்று கையிலிருந்தால் காட்டில் கைவைப்பதற்கு விலை எவ்வளவு குறைவு என்பது இதில் தெரிகிறது.

இன்னொரு ஆட்சேபம், அது காடே அல்ல, விலாயதி கீகர் மண்டிய புதர் என்பது. கீகர் என்றால் நம் ராமநாதபுரத்தார் தலையில் அடித்துக்கொள்ளும் அதே சீமைக் கருவேலம். ஆங்கிலேயர் காலத்தில் நட்ட அந்த மெக்சிகோ மரம் மண்ணின் மரங்களை நெருக்கியது உண்மைதான். இந்தப் புதருக்காகப் பரிந்துபேச ஒரு செல்ல விலங்குகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் கோலா 2022இல் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து பகுதிகளில் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. வீட்டுமனைத் திட்டங்களுக்கு எதிரே நிறுத்த அவர்களுக்கு ஒரு செல்ல முகமாவது இருக்கிறது. ரிட்ஜிலிருப்பவை நரியும் மயிலும் குரங்கும் நீலமானும்; குரங்குக்காக வாக்குக் கேட்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் கெட்ட மரத்தை மாற்றிக்கொள்ளலாம். வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா ஒருகாலத்தில் கல்லும் மண்ணும் தோண்டிய சுரங்க நிலம். கீகர் மூடிக்கிடந்த அங்கே இன்று ஆரவல்லியின் சொந்த மரங்கள் நிற்கின்றன. கான்கிரீட் போட்ட இடத்தில் அப்படிச் செய்ய வழியில்லை.

வீடு வேண்டாமா என்ற கேள்விதான் கனமானது. 2011இலேயே 1.68 கோடி பேர் வாழ்ந்த ஊர் தில்லி. ஆனால் அந்த ஐந்து சதவீதத்தை முழுவதும் வெட்டிக் கட்டினாலும் நெருக்கடி தீராது. இரண்டு மூன்று மாடியோடு நிற்கும் பழைய அரசுக் குடியிருப்புகளை உயர்த்திக் கட்டுவதில் இடம் இருக்கிறது. அதிலும் மரத்தை மறந்தால் 2018இல் சரோஜினி நகரில் நடந்ததே நடக்கும்: ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டக் கிளம்பிய மறுகட்டுமானத் திட்டத்தை மக்கள் மறித்தார்கள், உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, வரைபடத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே நல்ல காரணமா கெட்ட காரணமா என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பது வீண். எல்லை முதலில் உறுதியாக வேண்டும். 1994ஆம் ஆண்டு அறிவிக்கை இந்திய வனச் சட்டம் 4ஆம் பிரிவின்கீழ் வந்தது. காப்புக்காடாக்கும் எண்ணத்தை மட்டுமே அது தெரிவிக்கிறது. எல்லையை வரையறுத்து உரிமைகளை முடிவுசெய்யும் இறுதி அறிவிக்கை 20ஆம் பிரிவில் வரவேண்டும். 2024 வரை, முப்பது ஆண்டுகள் கழிந்தும், ரிட்ஜின் பெரும்பகுதிக்கு அது வரவில்லை. இந்தத் தாமதத்துக்கு மட்டும் எந்த அரசும் ஒரு நல்ல காரணம் சொன்னதில்லை.