மாரிஸ்தானும் ஏர்வாடியும்: மருத்துவர் கற்கும் கல்வி

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டில் (கி.பி. 931) பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. அரண்மனை மருத்துவரான ஸினான் இப்னு ஸாபித் ஆய்ந்து சான்று வழங்கினாலன்றி இனி எவரும் அந்நகரில் மருத்துவம் செய்யலாகாது என்று கலீஃபா ஆணை பிறப்பித்தார். 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்று அரபு மருத்துவர் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

வந்தவர்களுள் கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவரும் இருந்தார். ஸினானின் முன் பொற்காசுகளை வைத்த அவர், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பம் இத்தொழிலை நம்பியே வாழ்கிறதென்றும் ஒளிக்காமல் சொன்னார். ஸினான் சிரித்துவிட்டு, அறியாத நோயில் கைவைக்கக் கூடாது, இரத்தம் வடிப்பதும் பேதி மருந்து கொடுப்பதும் எளிய நோய்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனையுடன் அவரை அனுமதித்தார். மறுநாள் இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றாய் என்று கேட்டபோது, என் தந்தையிடம் என்றார். தந்தை, முந்தைய நாள் வந்த அதே முதியவர்!

நகைச்சுவைக்காகச் சொல்லப்படும் இக்கதையில் மருத்துவக் கல்வியின் பழைய சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது. தேர்வு என்பது ஒருவர் ஒரு நாளில் அறிந்திருப்பதை அளக்கும். அதன்பின் அவர் கற்பாரா என்பதை அது கேட்பதில்லை. அக்கேள்விக்கு மாரிஸ்தான்களே விடை தேடின. 1154ஆம் ஆண்டு திமிஷ்க் நகரில் நூருத்தீன் ஸங்கி நிறுவிய மருத்துவமனையில், தலைமை மருத்துவர் அபுல் மஜ்து நோயாளிகளைப் பார்த்து முடித்தபின் பெருங்கூடத்தில் வந்து அமர்வார். மன்னர் வக்ஃபாக அளித்த நூல்கள் அங்கிருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் அவரைச் சூழ்ந்திருக்க, மூன்று மணி நேரம் வாசிப்பும் விவாதமும் நடைபெறும் என இப்னு அபீ உஸைபிஆ எழுதியிருக்கிறார். தொழிலில் முதிர்ந்தோரும் நாள்தோறும் பாடம் கேட்ட அவை அது.

மனநோயும் உறக்கமும் அம்மரபுக்குப் புறம்பானவையல்ல. உறக்கமும் விழிப்பும், உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணிகளுள் ஒன்றாகவே இப்னு சீனா முதலான மருத்துவர்களால் வைக்கப்பட்டன. அவருக்கும் முன்னரே, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல்நலம், உளநலம் இரண்டையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். தம் காலத்து மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகின்றனர் என்பது அவரது குறைபாடு. அச்சம், சினம், துயரம், மனத்தை அரிக்கும் வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து அவர் விளக்கினார்.

ஆயினும் மாரிஸ்தான்களைப் பொற்காலச் சித்திரமாக மட்டும் தீட்டுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. 1184இல் திமிஷ்க் சென்ற பயணி இப்னு ஜுபைர், அதே நூரிய்யா மருத்துவமனையில் மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். நூலும் சங்கிலியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இச்செய்தியை நினைவில் கொண்டே ஏர்வாடிக்கு வர வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீத் அவர்களின் தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலத்தது. அதில் மத வேறுபாடு இல்லை. தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பல பெருகின. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் ஓட இயலாது கருகினர். 28 உயிர்கள் பறிபோயின. எரிந்தது தர்கா அன்று, காசு வாங்கி நடத்தப்பட்ட கீற்றுக்கொட்டகை. ஆனால் அவப்பெயரின் நிழல் தர்காவின் மீதும் விழுந்தது.

ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுதல் சட்டவிரோதம் என்பதையும், நோயாளிகளைக் கோயில்களுக்கும் தர்காக்களுக்கும் அன்றி மருத்துவர்களிடமே அனுப்ப வேண்டும் என்பதையும் மக்களுக்கு உணர்த்துமாறு 2002இல் அரசுகளைப் பணித்தது. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுதாயத்துக்கு இதில் மறுப்பேதும் இருக்க இயலாது. ஆனால் எந்த மருத்துவரிடம் அனுப்புவது?

அக்காலத்து எம்.பி.பி.எஸ். மாணவருக்கு மனநல மருத்துவத்தில் கிடைத்த நேர்முகப் பயிற்சி இரண்டே வாரங்கள். இறுதித் தேர்வில் அதற்கெனத் தனித்தாளும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் நோயாளியைக் கண்டாலும் நோயைக் காணாமற் போனதில் வியப்பில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனமும் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனமும் இக்குறையை 1970களிலேயே உணர்ந்து, சாக்கலவாராவிலும் ராய்ப்பூர் ராணியிலும் கிராமப்புறச் சோதனை முயற்சிகளைத் தொடங்கின. 1982இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. 1980களின் பிற்பாதியில் பெல்லாரி மாவட்டத்தில் பொது மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்துப் பார்த்தனர். அதுவே 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக விரிந்தது. இராமநாதபுரத்துக்கு அத்திட்டம் ஏர்வாடித் தீயின் வெளிச்சத்தில்தான் வந்து சேர்ந்தது.

பின்னர் நிகழ்ந்தது சுவையானது. குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் ‘தவா, துஆ’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் அருகருகே வைக்கப்பட்டன. அந்த முன்மாதிரியைத் தமிழக அரசும் ஏற்று, மருத்துவர்களை ஏர்வாடி தர்காவுக்கே அனுப்பியது. தர்காவிலிருந்து மருத்துவரிடம் செல்லச் சொன்ன ஆணை, மருத்துவர் தர்காவுக்குச் செல்வதில் நிறைவேறியது. நோயாளியை அழைத்துவரும் தாயின் நம்பிக்கையை இகழாமல் மருந்தை விளக்கும் கலையை எந்தப் பாடநூலும் அம்மருத்துவர்களுக்குக் கற்பித்திருக்காது.

இராமநாதபுரத்துக்கு அண்டையிலுள்ள விருதுநகர் 1985 வரை அதே மாவட்டத்தின் பகுதியாக இருந்ததே. அங்கே சிவகாசி வட்டாரத்தில் தீ அன்றாடத் தொழிலின் துணைவன். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதில் எழுந்த நகரம் அது. வெளியூர் சென்று கற்பதன் பயனை அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் வெடிவிபத்துகளில் மாண்டனர். இறந்தோரின் எண்ணிக்கை ஏடுகளில் பதிவாகிறது. பிழைத்தவரின் இரவுகள் எதிலும் பதிவாவதில்லை.

உறக்கம் அவ்வட்டாரத்தில் முன்பே களவு போன பொருள். 1980களில் தீப்பெட்டி ஆலைகளுக்குச் சிறுவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விடியற்காலை மூன்று மணி முதலே கிராமங்களுக்கு வந்ததை அன்றைய ஆய்வுகள் எழுதியுள்ளன. உறக்கத்தை இறைவன் ஓய்வாக ஆக்கியதாகத் திருமறையின் 78ஆம் அத்தியாயம் கூறும்; அந்த ஓய்வு அக்குழந்தைகளுக்குக் கிட்டவில்லை.

விபத்தில் தப்பிய தொழிலாளி மருத்துவரிடம் சென்று, என் மனம் நோயுற்றிருக்கிறது என்று சொல்லமாட்டார். தூக்கம் வரவில்லை என்பார். அந்த ஒரு சொல்லே வாசல். அதிகாலையில் விழித்துக்கொண்டு பின் உறங்க இயலாமை மனச்சோர்வின் அடையாளமாகலாம். வெடிச்சத்தம் மீண்டும் மீண்டும் கனவில் வருவது பேரதிர்ச்சியின் வடுவாகலாம். உறங்காமலே களைப்பின்றி இருப்பது மனவெழுச்சி நோயின் தொடக்கமாகலாம். குறட்டையும் பகல்நேர அயர்வும் மூச்சுத்தடையைக் காட்டலாம். இவற்றைப் பிரித்தறியக் கல்லாத கை, நால்வருக்கும் ஒரே தூக்க மாத்திரையை எழுதிவிடும். மூச்சுத்தடை உள்ளவருக்கு அது தீங்காகவே முடியக்கூடும். அல்பிரஸோலம் போன்றவற்றை 2014 முதல் எச்1 பட்டியலில் சேர்த்து அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. எழுதும் கையைப் பயிற்றுவிப்பது வேறு வேலை. நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே முதலில் தரப்பட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. எத்தனை சிற்றூர் மருத்துவர்களின் காதுக்கு அது எட்டியிருக்கும்?

ஒருமுறை வகுப்பறையில் அமர்த்திப் பயிற்றுவிப்பதால் மருத்துவரின் வழக்கம் மாறிவிடாது என்பதை நிம்ஹான்ஸ் அனுபவத்தில் கண்டது. 2018இல் மின்னிலக்கக் கல்விக்கழகம் ஒன்றை அது தொடங்கியது. பொது மருத்துவர் தம் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மனநல வல்லுநர் காணொலி வழியே உடனிருந்து கற்பிக்கும் முறையையும் வகுத்தது. நூரிய்யாவின் பெருங்கூடம் திரைக்குள் வந்துவிட்டது எனலாம்.

விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்தது. மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டமையால் பழைய விதியே தொடர்ந்தது. நூரிய்யாவில் பத்து நாளில் முடிந்திருக்கக்கூடிய அந்த 30 மணியில் மனநோய்க்கு இத்தனை, உறக்கத்துக்கு இத்தனை என்று எதுவும் அதில் பிரிக்கப்பட்டிருக்கவில்லை.