தொலைக்காட்சி மீள்பெறல்

தொலைக்காட்சி மீள்பெறல் என்பது, பயன்பாட்டுக் காலம் முடிந்த தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரிப்பு நிறுவனங்களே தம் செலவில் திரும்பப் பெற்று, முறையாக மீள்சுழற்சி செய்ய வேண்டும் என்னும் கொள்கை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இக்கோரிக்கை 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வலுப்பெற்றது.

பின்னணி

பழைய தொலைக்காட்சிகளின் முதன்மை உறுப்பு எதிர்மின் கதிர்க் குழாய் ஆகும். குழாயினுள் உருவாகும் எக்சு கதிர்கள் வெளியேறாமல் தடுப்பதற்காக அதன் கண்ணாடியில் ஈயம் சேர்க்கப்பட்டது. ஒரு பெட்டியில் சில கிலோகிராம் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு உலோகமாகும்.

மீள்சுழற்சிக்கெனச் சேகரிக்கப்பட்ட மின்கழிவுகள் பல வேளைகளில் ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள குய்யூ நகரில், செப்புக் கம்பிச் சுருளுக்காகக் குழாய்கள் உடைக்கப்பட்டுக் கண்ணாடி வெளியே கொட்டப்பட்டதை 2002 இல் வெளியான ஓர் அறிக்கை ஆவணப்படுத்தியது. தீங்கான கழிவுகளின் எல்லை கடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தில் ஐக்கிய அமெரிக்கா 1990 இல் கையொப்பமிட்டது. எனினும் அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

கோரிக்கையும் நிறுவனங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் தொடர்முறை ஒளிபரப்பு 2009 சூன் 12 அன்று முடிவுற்றது. மாற்றிப் பெட்டியை இணைத்தால் பழைய தொலைக்காட்சியைத் தொடர்ந்து பயன்படுத்த முடியும். இதற்காக அரசு வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் பெறுமதியான சீட்டுகளை வழங்கியது. ஆயினும் பெருமளவு பெட்டிகள் கழிவாகும் எனச் சூழலியல் அமைப்புகள் எச்சரித்து, நிறுவனங்களைப் பொறுப்பேற்குமாறு வலியுறுத்தின.

சோனி 2007 இலும், எல்ஜி, சாம்சங் ஆகியன 2008 இலும் அந்நாட்டில் மீள்பெறல் திட்டங்களைத் தொடங்கின.

சட்டங்கள்

இச்செலவை யார் ஏற்பது என்பதில் மாநிலங்கள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய பெட்டியை வாங்குபவர் கட்டணம் செலுத்துகிறார். மேய்ன் மாநிலம் 2004 இல் இயற்றிய சட்டம் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தியது. சுமார் 25 மாநிலங்களில் மின்கழிவுச் சட்டங்கள் உள்ளன. நாடு முழுமைக்குமான கூட்டரசுச் சட்டம் இல்லை. சப்பானில் 2001 முதல் நடைமுறையிலுள்ள வீட்டுக்கருவிகள் மீள்சுழற்சிச் சட்டம், மீள்சுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கும் கட்டணத்தைப் பயனருக்கும் வகுத்துள்ளது.

சிக்கல்கள்

முன்னர் பழைய குழாய்க் கண்ணாடி புதிய குழாய்கள் செய்யப் பயன்பட்டது. தட்டைத்திரைகள் பரவியதும் அத்தேவை வீழ்ந்தது. கண்ணாடியைப் பதப்படுத்துவது செலவாக மாறியது. ஒகையோ மாநிலத்தின் கொலம்பசு நகரில் ஒரு நிறுவனம் பல்லாயிரம் டன் ஈயக் கண்ணாடியைக் கிடங்குகளில் குவித்துவிட்டு 2016 இல் செயற்பாட்டை நிறுத்தியது. கிடங்கு உரிமையாளர்கள், கண்ணாடியை அனுப்பிய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். பெட்டிகளைச் சேகரிப்பதோடு தயாரிப்பாளரின் பொறுப்பு முடிவதில்லை, கண்ணாடி இறுதியாகச் சென்றடையும் இடம்வரை அது தொடர வேண்டும் என்னும் வாதத்துக்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

இவற்றையும் பார்க்க

மின்கழிவு
எதிர்மின் கதிர்க் குழாய்
பாசல் ஒப்பந்தம்