சின்னச் சுருளில் பெரிய படத்தின் குரல்

'ரீ-ரெக்கார்டிங்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பின்னணி இசைதானே! நம் சினிமா உலகில் அச்சொல் அந்தப் பொருளிலேயே நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு முறை பதிவான ஒலியை, வேறு அளவுள்ள படச்சுருளுக்கு ஏற்பத் திருத்தி மீண்டும் பதிவதும் மறுஒலிப்பதிவே. விளம்பரம் இல்லாத வேலை இது. ஆயினும் கொட்டகையே இல்லாத ஊர்களுக்குப் பேசும் படம் போய்ச் சேர்ந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெட்டவெளியில் திரை கட்டி ஒரு படம் காட்ட வேண்டும் என வைத்துக்கொள்வோம். கொட்டகைகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் சுருள் கனமானது. அதைவிட, பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. இதற்கு மாற்றாக வந்ததே 16 மி.மீ. சுருள். 1923இல் கோடாக் நிறுவனம் இதை வீட்டு உபயோகத்துக்கென வெளியிட்டது. தீப்பற்றும் அபாயம் குறைந்த அசிடேட்டால் ஆனது. கருவியையும் ஒருவரே தூக்கிச் செல்லலாம். முதலில் அது ஊமைப் படமாகவே இருந்தது. இரு ஓரங்களிலும் துளைகள் இருந்தமையால் ஒலிக்கு இடமில்லை. 1930களின் தொடக்கத்தில் ஒரு வரிசைத் துளைகளை நீக்கிவிட்டு, அந்த ஓரத்தில் ஒலித்தடத்தை அமைத்தார்கள்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில், 1931இல்தான்.

ஒலித்தடம் எப்படிப் பேசுகிறது? சுருளின் ஓரத்தில் கருமையும் வெண்மையுமாக ஒரு கோடு நெளிந்து செல்கிறது. ஒரு விளக்கின் ஒளி மெல்லிய பிளவு வழியாக அதன்மீது விழுகிறது. கோட்டின் நெளிவுக்கேற்ப ஊடுருவும் ஒளி கூடும், குறையும். ஒளிமின்கலம் அதை மின்னோட்டமாக மாற்ற, ஒலிபெருக்கி முழங்குகிறது. படமோ ஒவ்வொரு சட்டமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலி சீராக ஓட வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. 16 மி.மீ. சுருளில் ஒலி, தனக்குரிய படத்துக்கு 26 சட்டங்கள் முன்னதாகப் பதியப்பட்டிருக்கும். நைந்த சுருளை வெட்டி ஒட்டினால் என்னவாகும் என்று நீங்களே ஊகிக்கலாம். காட்சி இப்போது துள்ளும். சொல்லோ ஒரு நொடி கழித்துத்தான் விழுங்கப்படும்!

இனி இடையூற்றுக்கு வருவோம். 35 மி.மீ. சுருள் நொடிக்கு சுமார் 456 மி.மீ. ஓடுகிறது. 16 மி.மீ. சுருள் ஓடுவது 183 மி.மீ. மட்டுமே. நொடிக்கு 6,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலைக்குப் பெரிய சுருளில் 0.076 மி.மீ. இடம் கிடைக்கிறது, சின்னதில் 0.03 மி.மீ.தான். ஒளிப்பிளவின் அகலமும் பிலிமின் மணித்துகள்களும் அந்த நுண்ணிய நெளிவை அழித்துவிடும். பெரிய தடத்தை லென்சு வழியாக அப்படியே சுருக்கி அச்சிட்டால் போதாதா என்று கேட்கலாம். அப்படியும் செய்தார்கள். பேச்சு மழுங்கியது. 'பட்டு', 'பத்து' என்ற சொற்களை வேறுபடுத்திக் காட்டும் கூர்மை மேல் அதிர்வுகளில் அல்லவா இருக்கிறது?

ஆகவே மூல ஒலியை இயக்கி, சின்னச் சுருளுக்கெனத் தனி ஒலி நெகட்டிவ் எடுத்தனர். சிறிய ஒலிபெருக்கியால் தாங்க முடியாத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டினர். பேச்சுக்கு வேண்டிய மேல் அதிர்வுகளைச் சற்றே தூக்கினர். முணுமுணுப்பை உயர்த்தி, கூச்சலைத் தாழ்த்தினர். கடற்காற்று வீசும் திறந்தவெளியில் முணுமுணுப்பு யாருக்குக் கேட்கும்? இசைக்கு இதனால் நட்டம்தான். ஆனாலும் பேச்சு புரிய வேண்டும் என்ற முடிவு சரியானதே என்பது என் கருத்து.

இதன் பயனை அரசின் செய்திப் படங்களில் நன்கு காணலாம். 1948இல் தோன்றிய பிலிம்ஸ் டிவிஷன் ஒரே ஆவணப் படத்தைப் பல மொழிகளில் வெளியிட்டது. படம் ஒன்றே, இசையும் பின்னணி ஓசைகளும் ஒன்றே, வர்ணனை மட்டும் மொழிக்கு மொழி மாறும். ஐந்தாண்டுத் திட்ட விளம்பரத்துக்கென 1953இல் தொடங்கி, 1959இல் கள விளம்பர இயக்ககம் என்று பெயர் பெற்ற அமைப்பின் வண்டிகள் இத்தகைய 16 மி.மீ. படங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன. அவ்விரு அமைப்புகளும் இன்று தனித்தனியாக இல்லை. முறையே 2022இலும் 2017இலும் வேறு நிறுவனங்களோடு இணைந்துவிட்டன.

வீட்டுச் சுருள் மேலும் சிறுத்தது. 1932இல் 8 மி.மீ., 1965இல் சூப்பர் 8. இவற்றில் ஒளித்தடத்தைவிடக் காந்தத்தடமே பெரிதும் கைகொடுத்தது. சுருளின் ஓரத்தில் இரும்பு ஆக்சைடு பூசிய மெல்லிய பட்டை. டேப் ரிக்கார்டர் நாடாவில் உள்ள அதே பொருள்தான். சுருள் ஒரு பக்கம் தடித்துச் சாயாதிருக்க எதிர் ஓரத்திலும் ஒரு பட்டை பூசினர். நொடிக்கு 18 சட்டம் ஓடும்போது இதன் வேகம் 76 மி.மீ. கேசட் நாடாவின் வேகம் 48 மி.மீ.தான், ஆகவே சூப்பர் 8இன் ஒலியை ஏளனம் செய்வதற்கில்லை! பதியும் வசதியுள்ள கருவி இருந்தால், வீட்டிலிருந்தபடியே பழைய ஒலியை அழித்து, நல்ல ஒலியைப் புதிதாகப் பதியலாம். 1973இல் காமிராவிலேயே ஒலி பதியும் சூப்பர் 8 சுருளும் வந்தது.

ஆனால் அந்த இரும்பு ஆக்சைடே ஒரு வினையையும் கொண்டு வந்தது. அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். புளிக்காடியின் நெடி வீசும், சுருள் சுருங்கும். டிரைஅசிடேட் சுருள் 1948இல் அறிமுகமாகிப் பத்தாண்டுகளுக்குள் இந்தச் சிதைவு பற்றிய முதல் புகார் கோடாக்குக்கு எங்கிருந்து போயிற்று தெரியுமா? இந்திய அரசிடமிருந்து! காந்தப்பட்டையின் இரும்பு இச்சிதைவை விரைவுபடுத்துகிறது. கடலோர ஈரக் காற்றில் சொல்லவே வேண்டாம்.

'காளிதாஸ்' படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. பெரிய சுருள் அழிந்த பின் சின்னச் சுருளில் மட்டுமே பிழைத்திருக்கும் படங்களும் உலகில் உண்டு. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ பழைய சுருள் இருந்து, அதில் காடி நெடி வீசினால், மற்றச் சுருள்களிலிருந்து அதை உடனே பிரித்து, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய கருவியில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய துளைகள் கிழிந்துவிடும். பல் சக்கரம் படாமல் சுருளை நகர்த்தி, ஒளித்தடத்தையும் ஒரு படம்போலவே பிடித்து, கணிப்பொறியால் ஒலியாக மாற்றும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அன்று உயர்த்திய மேல் அதிர்வுகளை அங்கே தேவைக்கேற்பத் தாழ்த்திக்கொள்ளலாம். வெட்டி எறிந்த தாழ்ந்த அதிர்வுகள் மட்டும் திரும்பி வாரா.