கப்பல் பட்டியலில் ஒரு மண்ணூர்: ஒப்பந்தக் கூலிகளின் பிறந்த ஊரைக் கண்டறிதல் குறித்து

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்போது தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் வழிவந்தோர் தம் முன்னோர் பிறந்த ஊரைத் தேடும்போது, கப்பல் பட்டியலில் 'ஊர்' என்ற கட்டத்தில் உள்ளதையே முடிவாகக் கொள்கின்றனர். என் கருத்தில் அந்தக் கட்டமே பட்டியலின் மிக வலுக்குறைந்த சான்று. ஒருவரின் வரிக்கு மேலும் கீழும் இருக்கும் வரிகளே ஊரை உறுதிப்படுத்த வல்லவை.

நேட்டால் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, ஊர், உயரம், அங்க அடையாளம் என்று கட்டங்கள் வரிசையாக உள்ளன. எழுத்தறியாத ஒருவர் வாயால் சொன்னதைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் குறித்தார். ணகர, னகர வேறுபாடு அங்கேயே தொலைந்தது. அகரத்துக்கு 'யு' என்ற எழுத்தைப் போடும் அக்கால வழக்கம் குழப்பத்தை இன்னும் கூட்டியது. மன்னார்குடியை அப்படித்தான் எழுதினர். ஆகவே ஒரே எழுத்துக்கோவை ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூராகவும் இருக்கலாம், திண்டிவனம் பக்கத்து முன்னூராகவும் இருக்கலாம், திருநெல்வேலி மானூராகவும் இருக்கலாம். கோழிக்கோட்டுக்கு அருகிலும் ஒரு மண்ணூர் உண்டு.

ஜில்லாவை வைத்துத் தெளியலாம் என்றால், 'செங்கல்பட்டு' என்ற பதிவு மிகப் பரந்தது. அந்தப் பழைய ஜில்லா 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியே பிரிந்தது. இன்றைய மாவட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பதிவைத் தேடுவோர் திசை தவறுவது இங்கேதான்.

எழுத்து சரியாக இருந்தாலும் கேள்வி தீராது. குமாஸ்தா கேட்டது பிறந்த ஊரையா, கடைசியாகக் குடியிருந்த ஊரையா? 1876–78 பஞ்சத்தில் ஊரைவிட்டு வெளியேறியவர் பிழைத்துக் கிடந்த இடத்தையே சொல்லியிருக்கலாம். மணமான பெண் புகுந்த ஊரைச் சொல்லியிருக்கலாம்.

எனவே வரிசை எண்களைப் பார்க்க வேண்டும். உறவினரும் ஒரே சேரிக்காரரும் சேர்ந்து புறப்பட்டால் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களிலேயே பதிவாவார்கள். ஒருவருக்கு 'மன்னூர்' என்றிருந்து, அடுத்த எண்காரருக்கு வளர்புரம் என்றிருப்பதாகக் கொள்வோம். மண்ணூருக்கு அண்டை ஊர் வளர்புரம். அங்கேயே ஐயம் பாதி தீர்கிறது. பாதிதான், ஏனெனில் அரக்கோணம் பக்கத்திலும் ஒரு வளர்புரம் இருக்கிறது. மூன்றாவது வரியும் இதே சுற்றுவட்டாரத்தைக் காட்டினால் முடிவுக்கு வரலாம். ஊர்ப்பெயர்கள் தனித்தனியே பல இடங்களில் இருக்கும். மூன்று பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து வருவது அரிது.

அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்களும் இந்த வழிக்கே வந்து சேர்ந்தனர். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளின் பெரும்பகுதி அழிந்தபின், ஞானஸ்நானச் சாட்சிகளையும் அண்டை வீட்டாரையும் கொண்டே அவர்கள் ஊரைக் கண்டடைகின்றனர்.

நம் பக்கத்து நிலை இன்னும் கடினமானது. தகப்பன் பெயரை எடுத்துக்கொண்டு பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் புரட்டுவது வழக்கம். அவற்றில் நிலம் உடையோர் பெயரே இருக்கும். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர் குடியிருந்த மனைகூட மிராசுதாரர் வசம் இருந்ததையும், அதைக் காட்டியே அவர்களை மிரட்டியதையும் விவரிக்கிறது. மனையே சொந்தமில்லாதவருக்குப் பட்டா ஏது? பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லை என்பதற்காக 'இந்த ஊர் இல்லை' என்று முடிவு கட்டுவது, அன்று நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு இன்று ஊரையும் மறுப்பதாகும். இதை ஆய்வு முறையின் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

நிலக்கணக்கு கைவிடும் இடத்தில் மிஞ்சுவது குலதெய்வமும், சேரிப் பெரியவர்கள் நினைவில் உள்ள வகையறாப் பெயர்களும், களத்துமேடு, தாங்கல், மந்தைவெளி ஆகியவற்றின் உள்ளூர்ப் பெயர்களும்தான். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் 1990களுக்குப் பின் தொழிற்பேட்டைகளுக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, புஞ்சையும் மேய்க்காலும் மனை எண்களாயின. வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் பாட்டி சொன்ன ஏரிக்கரைப் பெயரோடு வந்தால், அதை அடையாளம் காட்டக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். இப்பெயர்களைக் கிராம வாரியாக, கிராம நிலக்கணக்கான அ-பதிவேட்டின் சர்வே எண்ணோடு சேர்த்து இப்போதே தொகுக்க வேண்டும்.

மறுபுறம், கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவோர் பெயரைத் தட்டினால் ஒற்றை வரி மட்டும் வரும்படி அமைக்கக் கூடாது. ஒவ்வொரு பெயரோடும் முன்னுள்ள பத்து எண்களும் பின்னுள்ள பத்து எண்களும் அதே வரிசையில் திரையில் தெரிய வேண்டும். மூலப் பக்கத்தின் படமும் உடன் இருக்க வேண்டும்.