எச்சத்தில் அளக்கும் குளிர்

1995 ஜூன் 5 அன்று கொலராடோவின் போல்டர் நகரிலுள்ள ஜைலா ஆய்வகத்தில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் குழுவினர் ருபீடியம்-87 வாயுவிலிருந்து முதல் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை, அதாவது ஒரே குவாண்டம் நிலையில் திரண்ட அணுக்கூட்டத்தை, உருவாக்கினர். அதில் இருந்தவை ஏறத்தாழ 2000 அணுக்கள். அது தலைகாட்டிய வெப்பநிலை ஏறத்தாழ 170 நானோகெல்வின். இந்த 170 எங்கிருந்து வந்தது? எந்த வெப்பமானியும் அந்த வாயுவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் வாயு சூடேறிச் சிதறியிருக்கும். செறிபொருளின் வெப்பநிலை என்று நாம் எழுதுவது, உண்மையில் செறிபொருளில் சேராமல் வெளியே மிஞ்சிய அணுக்களின் வெப்பநிலை என்பதே இங்கு முன்வைக்கும் வாதம். ஆகவே குளிர்விப்பு வெல்ல வெல்ல, அளவீடு தோற்கிறது.

முறை எளிது. வாயுவைப் பிடித்துவைத்திருக்கும் காந்தப் பொறியை அணைத்தால் வாயு விரியும். சில மில்லிநொடிகள் கழித்து அணுக்கள் உட்கவரும் நிறத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, விழும் நிழலைக் கேமராவில் பதிவுசெய்வார்கள். போதிய நேரம் விரிந்த வாயுவில் ஓர் அணு நிற்கும் இடம் அதன் திசைவேகத்தைச் சொல்லும். வெப்ப வாயு அகன்ற மணிவடிவில் பரவும். அதன் அகலமே வெப்பநிலை. செறிபொருளோ நடுவில் கூர்முனையாக எழும். ஆனால் அந்த 780 நானோமீட்டர் ஒளியின் ஒரே ஒரு ஃபோட்டான் தரும் உதையை வெப்பநிலையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 360 நானோகெல்வின்: அளக்க வந்த பொருளைவிட இருமடங்கு. ஒரு படம் எடுத்ததும் அந்த வாயு போயிற்று. பாடநூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் இச்சோதனையின் மூன்று சிகரப் படம் ஒரே வாயு குளிர்வதன் தொடர்ச்சியல்ல. தனித்தனியே ஆக்கி அழித்த மூன்று வாயுக்கள். (படத்தின் கீழே இதை ஒரு வரியில் சொன்னால் என்ன?) இதற்கு மாறாக, எம்.ஐ.டி.யில் கெட்டர்லி குழு 1996இல், அணுக்கள் விழுங்காத நிறத்து ஒளியைச் செலுத்தி, அதன் கட்டமாற்றத்தைக் கொண்டு வாயுவை அழிக்காமல் படமெடுத்துக் காட்டியது.

கூர்முனை மட்டும் போதிய சான்றல்ல என்பதால் வடிவமாற்றத்தையும் பார்த்தார்கள். வெப்ப வாயு எல்லாத் திசையிலும் ஒரேபோல் விரியும். செறிபொருள், பொறி எந்தத் திசையில் இறுக்கிப் பிடித்திருந்ததோ அந்தத் திசையில் வேகமாக விரியும். இதை ஐயமற்ற முத்திரையாகக் கொள்வது பிழை. 2002இல் டியூக் பல்கலைக்கழகத்தில், வலுவாக மோதிக்கொள்ளும் லித்தியம்-6 வாயுவும் இப்படியே விரிந்தது. அதுவோ செறிபொருளாகும் வகையான போசான்களின் வாயு அல்ல. மோதல்கள் மலிந்தாலே இவ்விளைவு வரக்கூடும்.

வெப்பநிலைக்குத் திரும்புவோம். 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் எழுதிய கணக்கு, செறிபொருள் தோன்றத் தொடங்கும் மாறுநிலையை நெருங்கும்போது மணிவடிவத்தையே குலைக்கிறது: நடுப்பகுதி உயர்ந்து குறுகும். முழு வளைவையும் சாதாரண மணிவடிவமாகப் பொருத்தினால் வெப்பநிலை குறைவாகவே வரும். அதனால்தான் விளிம்பில் நிற்கும் வேகமான சில அணுக்களையே நம்புகிறோம். அவையும் விரைவில் தீர்ந்துவிடும். இணக்கப் பொறியிலுள்ள கருத்தியல் வாயுவில் மிஞ்சும் பங்கு, வெப்பநிலைக்கும் மாறுநிலை வெப்பநிலைக்குமான விகிதத்தின் முப்படி. விகிதம் 0.1 ஆனால், 1 லட்சம் அணுக்களில் எச்சம் 100தான்; அகலப் பரவிய அந்த நூறும் கேமரா இரைச்சலில் மறைந்துவிடும். ‘தூய செறிபொருள்’ என்று கட்டுரைகளில் காணும்போது, அது வாயுவைவிடக் கேமராவைப் பற்றிய செய்தி என்றே படிக்க வேண்டும்.

இந்த முட்டுச்சந்தை பெர்க்லியில் ஸ்டாம்பர்-கர்ன் குழு 2015இல் வேறு வழியில் கடந்தது. மிஞ்சியதைத் தேடாமல், எச்சத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். ருபீடியம் செறிபொருளில் மிகச் சிறு பங்கு அணுக்களின் தற்சுழற்சியைச் சற்றே திருப்பினால் மேக்னான்கள் எனப்படும் தற்சுழற்சி அலைகள் பிறக்கும். அவை ஏறக்குறைய கட்டற்ற துகள்களைப் போல உலவி, சூழலின் வெப்பநிலையை எட்டும். பிறகு அவற்றை மட்டும் தனியே படமெடுக்கலாம். இவ்வழியில் அவர்கள் படித்த வெப்பநிலை ஏறத்தாழ 1 நானோகெல்வின், மாறுநிலையில் 0.02 பங்கு. அப்போதும் அளக்கப்பட்டது செறிபொருளன்று, அதனுள் விட்ட விருந்தாளிகள்.