பண்ணை வீட்டில் ஒரு மரணக் கைதி: ஹன்னா கென்ட்டின் ‘பெரியல் ரைட்ஸ்’

1. வழக்கு

1828 மார்ச்சில் வடக்கு ஐஸ்லாந்தின் இல்லுகாஸ்தாதிர் பண்ணையில் நாதன் கெத்தில்சனும் அவருடைய விருந்தாளி ஒருவரும் கொல்லப்பட்டார்கள். வீட்டுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அங்கே வேலைக்கிருந்த ஆக்னஸ் மக்னூஸ்தோத்திர், சிக்ரிதூர் என்ற இளம்பெண் ஆகிய இருவருக்கும், பிரித்ரிக் என்ற இளைஞனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிக்ரிதூருக்கு மட்டும் அது சிறைத் தண்டனையாகக் குறைந்தது. மற்ற இருவரின் தலையும் 1830 ஜனவரி 12 அன்று வெட்டப்பட்டது. ஐஸ்லாந்தில் நிறைவேறிய கடைசி மரண தண்டனை அதுதான். கோடரி பிடித்தவர் நாதனின் உடன்பிறந்த சகோதரர்.

2. காவல்

அன்றைய ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தது. வழக்கு கடல் கடந்து கோபன்ஹேகன் போய்த் தீர்ப்போடு திரும்பும்வரை கைதியை அடைத்துவைக்க அந்த வட்டாரத்தில் சிறை கிடையாது. அதனால் கோர்ன்சா என்ற பண்ணைக் குடும்பத்திடம் ஆக்னஸ் ஒப்படைக்கப்பட்டாள்.

இந்த வழக்கைக் கதையாக்கி 2013இல் வெளிவந்த ‘பெரியல் ரைட்ஸ்’ நாவலின் வலுவெல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. வழக்கமான சிறைக் கதையில் கைதிக்கு எதிரே நிற்பவர் காவலர். இங்கே நிற்பது ஒரு தாயும் இரண்டு மகள்களும். வீட்டார் அனைவரும் படுத்துறங்க ஒரே கூடம். கொலைகாரி பக்கத்தில் பெண் பிள்ளைகளை எப்படிப் படுக்கவிடுவது என்று பதறும் தாய் மார்க்ரியெத்துக்கு, புல் அறுப்புக் காலத்தில் இன்னொரு ஆள் கிடைத்தது உதவியாகவும் இருக்கிறது. இரக்கத்துக்கு முன்பே வேலை அவர்களைச் சேர்த்துவிடுகிறது. ஆசிரியர் இதை அவசரப்படுத்தாமல், பருவத்தின் போக்கிலேயே நடத்திச் செல்கிறார்.

3. ஆவணமும் குரலும்

அத்தியாயங்களின் முகப்பில் கடிதங்களும் வழக்கு ஆவணங்களும் வருகின்றன. அவற்றில் ஆக்னஸ் அதிகாரிகள் பேசும் பொருள். பிறரின் கதையைப் படர்க்கையில் சொல்லும் நாவல், அவளுக்கு மட்டும் ‘நான்’ என்று பேசும் உரிமையைத் தருகிறது. ஆவணத்தை மறுக்காமல், அதன் பக்கத்திலேயே அவளைப் பேசவிட்டது நல்ல தேர்வு.

4. ஓர் ஆட்சேபம்

நாவலின்படி, ஏற்கெனவே குற்றுயிராய்க் கிடக்கும் நாதனின் வேதனையை முடிக்கவே ஆக்னஸ் கத்தியை எடுக்கிறாள். அவள் வாய்மொழியாகவே இது சொல்லப்படுவதால் வாசகருக்குச் சந்தேகமே மிஞ்சுவதில்லை. மார்கரெட் அட்வுட்டின் ‘ஏலியஸ் கிரேஸ்’ (1996) இதற்கு நேர்மாறானது: 1843ஆம் ஆண்டுக் கனடா கொலை வழக்கில் சிக்கிய கிரேஸ் மார்க்ஸ் என்ன செய்தாள் என்பதை அந்த நாவல் கடைசிவரை முடிவு செய்வதில்லை. ஆக்னஸைக் கருணைக் கொலையாளி ஆக்கியபோது கென்ட் அவளுக்கு ஒரு வக்கீலாகிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கத்திக்கு வேறு காரணம் இருந்திருந்தாலும், கோர்ன்சாவில் கழிந்த அந்த மாதங்கள் நம்மை இதே அளவு உலுக்கியிருக்கும்.