பழைய சைக்கிளின் வயசு ஸ்டிக்கர்ல இல்லை, இரும்புல இருக்கு

#நீண்ட_இழை

1/ திருப்பூர், கோவை பக்கம் இப்ப பழைய சைக்கிளுக்கு திடீர் மவுசு. காபிக் கடை சுவர்ல தொங்குது, கல்யாண போட்டோ ஷூட்ல நிக்குது. "ஒரிஜினல் இங்கிலாந்து ராலேங்க, வெள்ளைக்காரன் காலத்து வண்டி"ன்னு சொல்லி நல்ல விலைக்குக் கைமாறுது. இந்த 'ஒரிஜினல்' மோகத்துல நம்ம ஊர் வரலாறு ஒண்ணு சத்தமில்லாம அழிஞ்சுட்டிருக்கு. அதைப் பத்தித்தான் இந்த இழை.

2/ முதல்ல இத்தாலிக்கு ஒரு நடை போயிட்டு வரலாம். பழைய சைக்கிளை அடையாளம் காண்றதை ஒரு கலையாவே வளர்த்தவங்க இத்தாலிய ரேஸ் சைக்கிள் பிரியர்கள். மிலன்ல 1885ல் தொடங்கின பியாங்கி, 1933ல் விசென்சாவில் துல்லியோ கம்பன்யோலோ ஆரம்பிச்ச உதிரிபாகக் கம்பெனி. இந்தப் பேர்களுக்கு உலகம் முழுக்க கிராக்கி. கிராக்கி இருந்தா போலியும் இருக்கும். அதனால அவங்க பெயிண்டையும் ஸ்டிக்கரையும் கடைசியாத்தான் பாப்பாங்க.

3/ முதல்ல பாக்கிறது பி.பி. கூடு, அதாவது பெடல் அச்சு நுழையற இடம். இத்தாலிய வண்டின்னா பொதுவா அதன் அகலம் 70 மி.மீ., மரை 36 மி.மீ., ரெண்டு பக்கமும் ஒரே திசை மரை. இங்கிலீஷ் வண்டின்னா 68 மி.மீ., செயின் பக்கம் எதிர்மரை. மேல 'பியாங்கி'ன்னு யார் வேணாலும் எழுதலாம். மரையை மாத்தி எழுதறது அவ்வளவு சுலபம் இல்லை.

4/ அடுத்தது கியர். கம்பன்யோலோவோட நூவோ ரெக்கார்டு பின் கியர்ல 'பேடண்ட் 72'ன்னு அச்சு இருந்தா அந்தப் பாகம் 1972ஐ ஒட்டினது. பாகம்தான், வண்டி இல்லை. கியர் இடையில மாத்தினதா இருக்கலாம். கோர்ட்டுக்காக ஒருத்தரோட வயசைக் கணிக்கும்போது நாங்களும் ஒரே ஒரு எலும்பைப் பாத்து முடிவு சொல்ல மாட்டோம். பல்லு, மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லணும். சைக்கிளுக்கும் அதே விதிதான்.

5/ திருப்பூருக்கும் இத்தாலிக்கும் பழைய உறவு உண்டு. 1978ல் வெரோனாங்கிற இத்தாலிய இறக்குமதியாளர் வழியாத்தான் பனியன் ஏற்றுமதிக் கதை தொடங்கிச்சுன்னு இந்த ஊர்ல சொல்வாங்க. இங்கிருந்து சட்டை போச்சு. அங்கிருந்து ரேஸ் சைக்கிள் வரலை. நம்ம தாத்தா ஓட்டினது இங்கிலீஷ் ரோட்ஸ்டர். ஆனா இத்தாலிக்காரங்க வகுத்த அதே பரிசோதனை முறையை நம்ம கறுப்பு வண்டிக்கும் வைக்கலாம்.

6/ செயின் சக்கரத்துல இருந்து ஆரம்பிங்க. அந்தக் காலக் கம்பெனிகள் தங்களோட முத்திரையை அதுலயே வெட்டி வச்சாங்க. ராலேன்னா கொக்குத் தலைகள். ஹம்பர்னா அஞ்சு மனித உருவங்கள், கூடவே முன் போர்க்குல ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய். ரட்ஜ்னா உள்ளங்கை. பி.எஸ்.ஏ.ன்னா அந்த மூணு எழுத்து; சின்னத்துல ஒண்ணோடொண்ணு சாத்தி வச்ச மூணு துப்பாக்கி. பி.எஸ்.ஏ. 1861ல் பர்மிங்காம்ல துப்பாக்கி செய்யப் பிறந்த கம்பெனி. சைக்கிளெல்லாம் பிற்பாடுதான்.

7/ அடுத்து முலாம். லேசா மஞ்சள் ஓடின மங்கல் பளபளப்புன்னா நிக்கல். பொதுவா 1930க்கு முந்தினது. நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்புன்னா குரோமியம், அதுக்குப் பிந்தினது. ஹேண்டில் பார், கிராங்க் எல்லாமே கறுப்பு பெயிண்டா? உடனே 'யாரோ கெடுத்துட்டாங்க'ன்னு சுரண்டாதீங்க. ரெண்டாம் உலகப் போர்ல குரோமியம் தட்டுப்பாடு. இங்கிலாந்துல முழுக் கறுப்பாவே வண்டி செஞ்சு அனுப்பின காலம் உண்டு.

8/ மூணு ஸ்பீடு கியர் வண்டி நம்மூர்ல அபூர்வம். கிடைச்சா அதிர்ஷ்டம். நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி பின் ஹப் மேலயே வருஷத்தை அச்சடிச்சிருக்கும். 1936ல் வந்த ஏ.டபிள்யூ. ஹப்ல போருக்குப் பிந்தினதுன்னா எழுத்துக்குப் பக்கத்துல '52' மாதிரி ரெண்டு இலக்கம். அது 1952. பல ஹப்ல மாசம்கூட இருக்கும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி! ஆனா அது ஹப்போட சான்றிதழ். நாலாவது பதிவுல சொன்னதை மறக்காதீங்க.

9/ போக்ஸ் கம்பியை எண்ணுங்க. முன் சக்கரம் 32, பின் சக்கரம் 40ன்னா இங்கிலீஷ் வழி. பழைய இத்தாலிய ரேஸ் வண்டியில பெரும்பாலும் ரெண்டுலயும் 36. இங்கிலீஷ்காரன் போய் இத்தனை வருஷமாச்சு, நம்ம கறுப்பு வண்டியில இன்னிக்கும் 32, 40தான். டயரும் அதே 28க்கு ஒண்ணரை அளவு. வெளிநாட்டுல சேகரிப்பாளர்கள் தேடி அலையற இந்த டயரை நம்ம கடைவீதியில சாதாரணமா வாங்கலாம்.

10/ முக்கியமான ஒரு எச்சரிக்கை. ராலே மத்த இங்கிலீஷ் கம்பெனிகள் மாதிரி இல்லை. மத்தவங்களுக்கு பி.பி. மரை ஒரு அங்குலத்துக்கு 24. ராலே தன் நாட்டிங்ஹாம் வண்டிகளுக்கு 26ன்னு தனி மரை வச்சிருந்தது. கடையில கிடைக்கிற சாதாரண கப்பை முடுக்கினா ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும். அங்க ஸ்பேனரை நீட்டி அழுத்தம் கொடுத்தா, 80 வருஷம் தாங்கின மரை அஞ்சு நிமிஷத்துல போயிடும். இறுகினா நிறுத்துங்க. அது ராலேங்கிறதுக்கு அதுவே ஒரு சாட்சி.

11/ இப்ப கதையோட மையத்துக்கு வருவோம். விடுதலைக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஓடின சைக்கிள்ல பெரும்பகுதி இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தது. 1947க்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, இங்கயே செய்யணும்ங்கிற கொள்கை வந்தது. 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து சென்னையில டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. 1950களின் தொடக்கத்துல அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் உருவாக ஆரம்பிச்சது.

12/ ஏன் ஹெர்குலிஸ்? 1910ல் பர்மிங்காம்ல பிறந்த அந்தக் கம்பெனியை 1946ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வாங்கியிருந்தது. பிலிப்ஸும் அவங்க கையில. ராலே பேரை மட்டும் மேற்கு வங்காளத்து அசன்சோல்ல சென்-ராலே கம்பெனி வச்சிருந்தது. அதே காலத்துல சோனிபத்துல அட்லஸ், 1956ல் லூதியானாவுல ஹீரோ. ஒரு பத்து வருஷத்துக்குள்ள இந்தியா சைக்கிளை வாங்கற நாடா இருந்து செய்யற நாடா மாறிடுச்சு.

13/ இன்னொரு வேடிக்கை. ராலே ஏற்கெனவே ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவு எல்லாத்தையும் விழுங்கியிருந்தது. 1960ல் அந்த ராலேவே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குடைக்குள்ள போயிடுச்சு. பிலிப்ஸ் ஒசத்தியா, பி.எஸ்.ஏ. ஒசத்தியா, ராலே ஒசத்தியான்னு டீக்கடை பெஞ்சுல மணிக்கணக்கா சண்டை போட்டிருப்பாங்க. அந்தச் சண்டை நடக்கும்போதே இங்கிலாந்துல மூணுக்கும் ஒரே முதலாளி.

14/ அம்பத்தூர்ல சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை இருக்கு, 1966ல் தொடங்கினது. பேருக்கு உரியவர் மருத்துவர் இல்லை. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோட தலைவர். சைக்கிள் கூட்டுறவுல பிறந்த நட்புக்கு அடையாளமா ஒரு ஆஸ்பத்திரி. அம்பத்தூரை அம்பத்தூர் ஆக்கினதுல சைக்கிளுக்கு எவ்வளவு பங்குன்னு இதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்.

15/ ஆக, உங்க வீட்டு ஹெர்குலிஸ்ல 'மேட் இன் இந்தியா'ன்னு இருந்தா அது மட்டமான வண்டி இல்லைங்க. புது நாடு ஒண்ணு தன் கையால சக்கரம் செய்யக் கத்துக்கிட்டதுக்குச் சாட்சி. ஆனா சந்தை மதிப்பு 'இங்கிலாந்து'க்குத்தானே? அதனால என்ன நடக்குது? அம்பத்தூர் முத்திரையைச் சுரண்டறாங்க. தலைத் தகட்டைக் கழட்டறாங்க. ஃப்ரேம் முழுக்கப் புதுக் கறுப்பு அடிச்சு, தங்கக் கோடு இழுத்து, ராலே ஸ்டிக்கர் ஒட்டறாங்க. உண்மையான சாட்சியை அழிச்சுட்டுப் பொய்ச் சாட்சியை உக்கார வைக்கற வேலை இது.

16/ அழியறது முத்திரை மட்டும் இல்லை. பல்லடம், அவினாசி, ஊத்துக்குளி, பெருமாநல்லூர்னு சுத்துப்பட்டு ஊர்ல இருந்து பனியன் கம்பெனிக்கு வந்த ஒரு தலைமுறைக்கு வண்டின்னா சைக்கிள்தான். ஒரு யூனிட்ல இருந்து இன்னொரு யூனிட்டுக்குத் துணி மூட்டை போனதும் அதே கேரியர்லதான். அதைத் தாங்க கேரியருக்குக் கூடுதல் கம்பி வச்சுப் பத்த வச்சிருப்பாங்க. அந்த வெல்டிங் அசிங்கம் இல்லை. அந்த வண்டி என்ன வேலை செஞ்சதுங்கிறதுக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம்.

17/ சைக்கிள் வரி கட்டினதுக்கு நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த சின்ன வில்லை ஞாபகம் இருக்கா? ஊர்ப் பேரும் வருஷமும் போட்டிருக்கும். அது வண்டியில தொங்கினா கழட்டி வீசிடாதீங்க. வண்டி எந்த வருஷம் எந்த ஊர்ல ஓடிச்சுன்னு அதைவிடத் தெளிவா வேற எதுவும் சொல்லாது. சீட்டுக்கு அடியிலயும் பாருங்க. கெட்டித் தோல் சீட்டுல 'புரூக்ஸ்'னு அச்சு இருந்தா ரெக்ஸின் உறை போட்டு மூடிடாதீங்க.

18/ அப்ப எப்படிச் சரி பண்றது? என் தொழிலோட முதல் பாடம்தான்: நல்லது செய்யறதுக்கு முன்னாடி கெடுதல் செய்யாம இரு. கையை வைக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. நம்பர், முத்திரை எல்லாத்தையும் கிட்டப் போய் எடுங்க. அப்புறம் பனியன் வேஸ்ட்டால துடைங்க, அதுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? ஃப்ரீவீலுக்கு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க. பழைய கிரீஸை எடுத்துட்டு, பால்ஸ் புதுசு போட்டு, கோன் சரி பண்ணி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தாலே பாதி வண்டி உயிரோட வந்துடும். காட்டர் பின்னை மட்டும் சும்மா அடிச்சு வளைக்காதீங்க. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும்.

19/ டாக்டரா ரெண்டு எச்சரிக்கை.
ஒண்ணு, துருவெடுக்க ஆக்ஸாலிக் ஆசிட். துணியில இரும்புக் கறை எடுக்கறதுக்கும் உதவறதால நம்ம பக்கம் சுலபமாக் கிடைக்கும். வேலை நல்லாச் செய்யும். ஆனா உள்ள போனா ரத்தத்துல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து படிகமாகி கிட்னியை அடைக்கும். கையுறை போடுங்க, காத்தோட்டமான இடத்துல செய்யுங்க, சூடு பண்ணாதீங்க. மிச்சத்தைத் தண்ணி பாட்டில்லயோ கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.
ரெண்டு, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். இந்தியாவில வீட்டுப் பெயிண்டுக்கே 90 பி.பி.எம். வரம்பு 2017லதான் நடைமுறைக்கு வந்தது. சுரண்டற தூசி குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர் எமரி வேண்டாம், தண்ணி தொட்டுத் தேயுங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்துல வேண்டாம்.

20/ என்னைக் கேட்டா பெயிண்டே அடிக்காதீங்க. பழைய பெயிண்ட் எவ்வளவு மிஞ்சியிருக்கோ அவ்வளவு போதும். ஒரு தடவை சுரண்டினா திரும்பி வராது. ஓடற பாகம் புதுசா இருக்கட்டும், பாக்கிற பாகம் பழசாவே இருக்கட்டும்.

21/ கடைசியா ஒண்ணு. முத்திரையைப் பாத்தே வண்டியைச் சொல்லத் தெரிஞ்ச சைக்கிள் கடைக்காரங்க ஒவ்வொரு ஊர்லயும் இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்க. காதாலயே கோன் இறுக்கம் சொல்ற ஆளுங்க. வண்டியைப் பழைய இரும்புக் கடையில போடறதுக்கு முன்னாடி, அவங்ககிட்ட ஒரு தடவை கொண்டு போய்க் காட்டுங்க. அவங்க சொல்றதை போன்ல பதிவு பண்ணி வையுங்க. அம்பத்தூர்னு தெரிஞ்சா முகம் சுளிக்காம, அந்த முத்திரை மேல இருக்கிற அழுக்கை மட்டும் துடைச்சு வையுங்க.

வீட்டுல பழைய வண்டி இருந்தா செயின் சக்கரம், ஹப், தலைத் தகடு மூணையும் போட்டோ எடுத்துக் கீழ போடுங்க. சேர்ந்து படிக்கலாம்.